மூ. கட்டு

நான் எழுதிய புரோகிராம்களைப் பார்த்து எங்கள் பிரிவில் சிரிப்பார்கள். அலமாரி அலமாரியாக நின்ற அந்தக் கம்ப்யூட்டருக்கு கோபால் என்ற மொழியில் எழுத வேண்டும். அந்தப் பெயரைக் கேட்டதும் என் மனைவி, "யாரு அந்த கோபாலு, புது மேனேஜரா?" என்று கேட்டாள். ஓர் ஊழியர் விடுப்பில் இருக்கிறாரா இல்லையா என்று குறிக்க மற்றவர்கள் ஒரே ஓர் எழுத்தை வைத்துவிட்டுப் போவார்கள். நான் 'விடுப்பில் இருக்கிறார்' என்பதை முழுசாக வைப்பேன். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, இது எதற்காக, இதற்கு முன்னால் என்ன நடந்திருக்க வேண்டும் என்று இரண்டு வரி எழுதுவேன். "பாய் பேர் வெச்சா கல்யாணப் பத்திரிகை மாதிரி மூணு தலைமுறையும் சேர்ந்து வரும்" என்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். அவர்கள் எழுதியது ஆறு மாதம் கழித்து அவர்களுக்கே புரியாமல், கடைசியில் என் மேசைக்குத்தான் வரும்.

இயந்திரத்துக்கு எப்படி எழுதினாலும் ஒன்றுதான். பின்னால் அதைப் படிக்கப்போவது ஓர் ஆள். அந்த ஆளுக்காக எழுத வேண்டும் என்று எந்தப் பயிற்சி வகுப்பிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கம்ப்யூட்டர் என்ற சொல்லையே கேள்விப்படாத ஐம்பதுகளில், செங்கல்பட்டில், ஒரு வேலை பறிபோன பிறகுதான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். போனது என் வேலை அல்ல.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. ஏரிப் பாசனத்தைக் கவனிக்கிற ஒரு சின்ன ஆபீசில் குமாஸ்தா. ஓட்டுக் கட்டடம், இரண்டு மேசை, ஒரு பீரோ, ஓவர்சியர் ஒருவர், தபால் கொண்டுபோகிற ஆள் ஒருவர், நான். என் சொந்த ஊர் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டியது. அத்தா அங்கே கயிறு, வலை நூல், மண்ணெண்ணெய் விற்கிற கடை வைத்திருந்தார். கடையில் உட்காரப் பிடிக்காமல்தான் பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தேன். ஆபீசில் என்னைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் நான் பாய்தான்.

ஊருக்கு வெளியே ஐந்து மைலில் இருந்த ஒரு பெரிய ஏரி எங்கள் பொறுப்பு. அதற்கு நாலு மதகு. ஒவ்வொரு மதகிலும் ஓர் இரும்பு ஷட்டர். நீளமான சாவியைப் போட்டுச் சுற்றினால் மேலே ஏறும், தண்ணீர் கால்வாயில் இறங்கி வயலுக்கு ஓடும். எதிர்ப்பக்கம் சுற்றினால் ஷட்டர் இறங்கித் தண்ணீர் நின்றுவிடும். எந்த மதகை எத்தனை சுற்றுத் திறப்பது, எத்தனை நாள் விடுவது, எப்போது மூடுவது என்று சனிக்கிழமைதோறும் ஓவர்சியர் வாயால் சொல்வார். நான் அதை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கித் தபால் ஆளிடம் கொடுப்பேன். மதகு திறந்து மூடுகிற ஆளுக்கு ஆபீசில் லஸ்கர் என்று பெயர். எங்கள் லஸ்கர் அந்தத் தாளை ஏரிக்கரைக் கொட்டகைச் சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டிவைத்துக்கொண்டு, வாரம் முழுக்க அதன்படி செய்வார்.

எனக்கு முன்னால் இருந்த குமாஸ்தா இந்த உத்தரவுகளைக் கடிதம் மாதிரி எழுதிவந்தார். "மூன்றாவது மதகை ஆறு சுற்றுத் திறந்து, இரண்டு நாள் தண்ணீர் விட்டு, பிறகு முழுதும் மூடிவிடவும்." இப்படியே ஒரு வாரத்துக்கு இரண்டு தாள். பழைய கட்டைப் புரட்டியபோது எனக்கு எரிச்சலாக வந்தது. மனுஷன் வேலை இல்லாமல் எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். அதே உத்தரவை நான் "மூ. 6 தி. 2 நா. பி. மூ." என்று எழுதினேன். மூன்றாவது, ஆறு சுற்று, திற, இரண்டு நாள், பிறகு, மூடு. ஒரு வாரம் முழுக்க அரைத் தாளில் அடங்கிவிட்டது. ஓவர்சியர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "நறுக்குனு இருக்குய்யா" என்றார். அந்தப் பாராட்டு எனக்கு ஒரு மாதத்துக்குப் போதுமானதாக இருந்தது. மண்டைக்கனம் எனக்கு எப்போதும் கொஞ்சம் உண்டு.

லஸ்கருக்கு முப்பது வயது இருக்கும். ஏரிக்கு அந்தாண்டைச் சேரியில் வீடு. அவர் வீட்டார் எல்லோரும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். அவர் மட்டும் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரை போயிருந்தார். அவர்கள் தெருவில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் அவர்தான். தெருவுக்கு வருகிற கடிதம், நோட்டீஸ் எதுவாக இருந்தாலும் அவரிடம்தான் வரும். அந்தப் படிப்புக்காகத்தான் லஸ்கர் வேலையும் கிடைத்தது. தற்காலிக வேலை. ஆனால் நிரந்தரமாக்குவதற்கு மேலே அனுப்பிய பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பட்டியலை எழுதியவன் நான். பொங்கல் கழிந்தால் உத்தரவு வந்துவிடும் என்று அவர் வீட்டில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

அவரை நான் நீ என்றுதான் பேசினேன். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவரான அவர் என்னை நீங்க என்றார். அந்தக் காலத்தில் அது யாருக்கும் விசித்திரமாகப் படவில்லை, எனக்கும் படவில்லை. இப்போது எழுதும்போது கைக்குத் தானாக வருகிற 'அவர்' அன்றைக்கு என் வாயில் வரவில்லை.

மார்கழியில் ஒரு காலை, சுவரிலிருந்து உரித்த என் அரைத் தாளைப் பிடித்துக்கொண்டு அவர் ஐந்து மைல் நடந்து ஆபீசுக்கு வந்தார். தாளின் மூலையில் சுவர்ச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது.

"இன்னா பாய் இது, முன்னாலயும் மூன்னு கீது, பின்னாலயும் மூன்னு கீது?"

"முன்னால இருக்கிற மூ, மூணாவது மதகு. பின்னால இருக்கிற மூ, மூடு."

"செரி. அப்போ இந்த ரெண்டு நா? ரெண்டாவது, நாலாவது, ரெண்டு மதகுமா?"

"ரெண்டு நாள்யா!"

"போன வாரம் நாலாவதுக்கு நான்னுதானே எழுதியிருந்தீங்க?"

தபால் ஆள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். லஸ்கரும் சிரித்துவிட்டார். "மூ மூன்னு படிச்சிகினு போனா மூச்சு வாங்கற மாதிரி கீது பாய்." கிண்டலாகத்தான் சொன்னார், கெட்ட எண்ணம் இல்லை. உடனே, "தப்பா தெறந்துட்டா வயலு பூடும். அதான் ஒரு வார்த்த கேட்டுகினு போலாம்னு வந்தேன்" என்றும் சொன்னார்.

ஓவர்சியர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எனக்கு முகம் சுண்டிவிட்டது. அரைத் தாளில் வாரத்தை அடக்கிய ஆளிடம் ஐந்தாவது படித்தவர் வந்து சொல்லுக்குச் சொல் கணக்குக் கேட்கிறாரே என்றுதான் எனக்குத் தோன்றியது. கேட்டது அத்தனையும் நியாயம் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

"இதோ பார், எழுதியிருக்கிறதைச் செய். அதுக்குத்தான் உன்னை வெச்சிருக்கு. சும்மா சும்மா கேள்வி கேட்டுகினு இங்க வராதே" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "செரிங்க பாய்" என்று தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு உட்கார்ந்து யோசித்தேன். மூன்றாவதுக்கும் மூ, மூடுவதற்கும் மூ என்றால் குழப்பம்தான். ஒன்றை மாற்ற வேண்டும். 'மூடு' என்று முழுதாக எழுதியிருந்தால் தீர்ந்தது, இரண்டே எழுத்து. ஆனால் அப்படி எழுதினால் அவர் சொல்லி நான் திருத்திக்கொண்டதாக ஆகிவிடும். அதற்கு மனம் வரவில்லை. அதனால் அந்தச் சொல்லையே விட்டுவிட்டு வேறு சொல்லுக்குப் போனேன். இனி மூடு கிடையாது, 'கட்டு' என்று முடிவு செய்தேன். ஓர் எழுத்து அதிகம்தான், ஆனால் என் சொந்த யோசனை.

நான் கடைக்காரர் வீட்டுப் பிள்ளை. எங்களுக்குக் கட்டு என்றால் மூடுவது. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு நேரமானால் அத்தா "கடையைக் கட்டு" என்பார், பலகையை எடுத்துச் சொருகுவோம். சாயங்காலம் வியாபாரம் ஓய்ந்தாலும் அதே சொல்தான். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் வரப்பில் நடந்ததோடு சரி, வயலில் இறங்கியதில்லை. சொல்லை மாற்றியிருக்கிறேன் என்று லஸ்கருக்கு ஒரு வரி எழுதி அனுப்பவும் இல்லை. ஓவர்சியரிடமும் சொல்லவில்லை. அவர் என் தாள்களைப் படிக்காமலே கையெழுத்துப் போடுகிற அளவுக்கு என்மேல் நம்பிக்கை வைத்திருந்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் எதையும் மூடச் சொல்லி எழுத வேண்டியிருக்கவில்லை. பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை ஓவர்சியர் சொன்னார். "மூணாவது பக்கம் சம்பா அறுப்பு ஆரம்பிச்சுட்டாங்க. கசிவுக்கு ரெண்டு சுத்துத் தெறந்து வெச்சிருக்கோம் இல்ல, அதையும் மூடிடச் சொல்லு. மிச்சத் தண்ணி நவரைக்கு வேணும்." எங்கள் பக்கத்தில் சம்பா அறுத்த பிறகு தை மாசியில் நடுகிற பயிருக்கு நவரை என்று பெயர். நான் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்தேன். "மூ. கட்டு." என்று எழுதினேன். அவர் கையெழுத்துப் போட்டார். தாளைத் தபால் ஆளிடம் கொடுத்துவிட்டு, பொங்கலோடு சேர்த்து எடுத்த நாலு நாள் விடுப்பில் ஊருக்குக் கிளம்பிவிட்டேன்.

அந்த நாலு நாளும் எனக்கு நன்றாகவே கழிந்தன. கடற்கரையில் உட்கார்ந்தேன், கடையில் அத்தாவுக்கு ஒத்தாசையாக நூல்கண்டு எடுத்துக் கொடுத்தேன், செங்கல்பட்டு ஆபீசில் என் எழுத்துக்கு இருக்கும் மதிப்பை அம்மாவிடம் இரண்டு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை அம்மா, "மொதல்லயே சொல்லிட்ட" என்றார்கள்.

திரும்பி வந்தபோது ஆபீஸ் வாசலில் இருபது முப்பது பேர் நின்றார்கள். என் மேசைமேல் ஒரு கைப்பிடி நெற்கதிர் கிடந்தது. ஈரம் சொட்டி, மேசை விரிப்பு நனைந்திருந்தது. எடுத்துப் பார்த்தேன். நெல்லில் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருந்தது. அதைக் கொண்டுவந்து போட்ட பெண்மணி என்னைப் பார்த்து, "அறுத்துப் போட்டது அறுத்தபடியே தண்ணில ஊறிகினு கீது. நாங்க பொங்கலுக்கு வூட்டோட இருந்துட்டோம். யாரைக் கேட்டு இவ்ளோ தண்ணிய வுட்டீங்க?" என்றார். குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ள வந்தவர் மாதிரி கேட்டார்.

லஸ்கர் ஓவர்சியரின் மேசைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் என் அரைத் தாள்.

"கட்டுன்னுதானேடா எழுதியிருக்கு?" என்றார் ஓவர்சியர்.

"ஆமாங்க. கட்டுன்னு இருந்துச்சி, கட்டினேன்."

"எங்க கட்டின? தெறந்து வுட்டிருக்கியே!"

"தண்ணி கட்டறதுன்னா தெறந்து வுடறதுதானே சாமி? எத்தினி சுத்துன்னு எழுதல. அதனால முழுசாத் தெறந்தேன்."

ஓவர்சியர் வாசலில் நின்றவர்களைப் பார்த்தார். அவர்கள் எல்லோரும் லஸ்கர்மேல் கொலைக் கோபத்தில் வந்தவர்கள். ஆனால் அந்தச் சொல்லில் அவர்களுக்குள் பேதமே இல்லை. "வயலுக்குத் தண்ணி கட்டறதுன்னா வுடறதுதாங்க. வேற இன்னா?" என்றார் ஒருவர். "மடைய மூடறதுன்னா மூடுன்னு சொல்லுவோம். தண்ணி கட்டுன்னா தண்ணி பாச்சு" என்றார் இன்னொருவர். கதிரைப் போட்ட பெண்மணி, "இத எழுதின ஆளு யாரு, கடக்காரரா?" என்று கேட்டார். அவர் எதையும் தெரிந்து கேட்கவில்லை. எனக்கு மேசைக்கு அடியில் போய்விடலாமா என்றிருந்தது.

"அறுப்பு நேரத்துல எவனாவது தண்ணி வுடுவானா? உனக்கு அது கூடவா தோணல?" என்று ஓவர்சியர் விடவில்லை.

"தோணுச்சிங்க. மூணாவது கால்வா குன்னுக்கு அந்தாண்ட திரும்பிப் பூடும். கரையிலர்ந்து வயலு தெரியாது. கடசில நட்டவங்க யாராச்சும் ஒரு தண்ணி கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன். வந்து கேக்கலாம்னுதான் இருந்தேன்." என் பக்கம் திரும்பவில்லை. "கேள்வி கேட்டுகினு வரக்கூடாதுன்னு உத்தரவு."

வந்தவர்களை ஏதேதோ சொல்லி அனுப்பிவிட்டு, மத்தியானம் ஓவர்சியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாய், இது மேல போவும். யாரோ ஒருத்தர் தலையிலதான் விடியும். நீ நிரந்தர ஆளு, உன் ரிக்கார்டு கெட்டா ஆயுசுக்கும் கெட்டது. நானும் கையெழுத்துப் போட்டிருக்கேன். அவன் தற்காலிகம்தானே. படிக்க சரியாத் தெரியாதவன், தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்னு ஒரு வாக்குமூலம் எழுது."

எழுதினேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. பயமாக இருந்தது, எழுதினேன். "மேற்படி லஸ்கர் எழுத்தறிவு போதாத காரணத்தால் மேற்படி உத்தரவின் கருத்தை மேற்படி தேதியில் தவறாக அர்த்தம் செய்துகொண்டபடியால்..." என்று ஒரே வாக்கியம், முக்கால் பக்கம். சுருக்கத்தில் பெயர் வாங்கிய என் கை, யார் என்ன செய்தார் என்பது தெரியாமல் இருக்க வேண்டும் என்றதும் எவ்வளவு நீளமாக எழுதியது என்பதைப் பார்த்து எனக்கே ஆச்சரியம்.

லஸ்கரைக் கூப்பிட்டுத் தாளை முன்னால் வைத்தோம். அவர் உட்காரவில்லை. மேசையில் குனிந்து, விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். முக்கால் பக்கத்தையும் படித்தார். தபால் ஆள் கதவருகில் நின்றுகொண்டிருந்தார். அவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"மேற்படின்னா யாருங்க? மூணு எடத்துல கீது."

"முதல்ல இருக்கிறது நீ" என்றேன்.

"போதாத காரணத்தால்னா, எனக்குப் படிக்கத் தெரியலன்னு அர்த்தமா?"

ஓவர்சியர்தான், "அது ஒரு வழக்கம்யா, அப்படித்தான் எழுதறது" என்றார்.

லஸ்கர் கையெழுத்துப் போடப் பேனாவைக் கேட்டார். ஓவர்சியர் பேனாவைக் கொடுக்காமல், மைப் பெட்டியைத் திறந்து அவர் பக்கம் நகர்த்தினார். "கையெழுத்துப் போட்டா எழுதினதுக்கு முரணாப் பூடும். கைநாட்டு வை. இதோட முடிஞ்சுடும். இல்லன்னா பெரிய ஆபீசு, விசாரணைன்னு வருஷக்கணக்கா நடக்கணும்."

அவர் அந்த மைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு எழுதியிருக்கறத நான் படிச்சிட்டு, கைநாட்டு வெக்கணும். அதானே?"

லஸ்கர் கட்டைவிரலை மையில் ஒற்றித் தாளில் வைத்தார். விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனார். நான் எழுந்து பின்னால் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். போகவில்லை. நிரந்தரமாகிறவர்களின் பட்டியல் அடுத்த வாரம் வந்தது. அவர் பெயர்மேல் சிவப்புக் கோடு இருந்தது. தற்காலிக வேலையும் அத்தோடு போனது.

அதற்குப் பிறகு என்னால் அரைத் தாளில் எழுத முடியவில்லை. ஒவ்வொரு சொல்லையும் எழுதிவிட்டு, இதை வேறு எப்படியாவது படிக்க முடியுமா என்று பார்ப்பேன். முடியும் என்றுதான் தெரியும். 'திற' என்றால் எவ்வளவு? 'காலை' என்றால் எந்தக் காலை? 'முழுதும்' என்றால் முழுதும் திறப்பதா, மூடுவதா? ஆபீஸ் முடிந்ததும் உட்கார்ந்து நாலு மதகுக்கும் புதிதாக ஒரு தாள் தயார் செய்தேன். எந்த வாரமானாலும் நாளையும் சுற்றையும் காரணத்தையும் மட்டும் நிரப்பினால் போதும் என்கிற மாதிரி. ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. எத்தனை தடவை கிழித்துப் போட்டேன் என்று நினைவில்லை. கடைசியில், ஒரு வாரத்துக்கு நிரப்பிப் பார்த்தபோது, மூன்றாவது மதகுக்கு இப்படி வந்தது:

மூன்றாவது மதகு. திங்கட்கிழமை விடிந்ததும் ஷட்டரை ஆறு சுற்று மேலே ஏற்று. புதன்கிழமை விடிகிற வரை அப்படியே இருக்கட்டும். புதன்கிழமை விடிந்ததும் ஷட்டரை அடிவரை இறக்கு. இறக்கிய பிறகு கால்வாயில் தண்ணீர் ஓடக்கூடாது. ஓடினால் இன்னும் இறக்கு. ஏன் என்றால், அந்தப் பக்கம் அறுப்பு நெருங்குகிறது. நடுவில் பெரிய மழை வந்தால் இதை விட்டுவிட்டுக் கடைசி வரியைப் பார்.

படித்தால் எனக்குப் புரிந்தது. ஆனால் எனக்குப் புரிவதில் என்ன இருக்கிறது? மூ. கட்டு கூடத்தான் எனக்குப் புரிந்தது. வயல்காட்டு ஆள் ஒருவர் படித்துப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரிந்து அப்படி ஓர் ஆள்தான் இருந்தார்.

அவர் கூலி வேலைக்கு எங்கள் ஊர்ப் பக்கமே வந்துவிட்டார் என்று தபால் ஆள் சொன்னார். பங்குனியில் ஊருக்குப் போனபோது தேடிப் போனேன். எங்கள் ஊருக்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். அப்போதெல்லாம் அதில் மதராசுக்குப் படகு படகாகச் சவுக்குக் கட்டை போகும். கரையில் கட்டை ஏற்றுகிற கூட்டத்தில் அவர் இருந்தார். தலையில் சும்மாடு, தோளெல்லாம் பட்டை கிழித்த கீறல். என்னைப் பார்த்ததும் கட்டையைப் படகில் போட்டுவிட்டு வந்தார்.

"வாங்க பாய். இன்னா இந்தாண்ட?"

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் போயிருந்தேன். வாயைத் திறந்ததும், "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரு" என்றுதான் வந்தது. தாளை நீட்டினேன்.

கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இந்தத் தடவை விரல் வைக்கவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. உரக்கப் படித்தார். கட்டை ஏற்றுகிறவர்கள் இரண்டு பேர் நின்று கேட்டார்கள். மேஸ்திரிகூடத் திரும்பிப் பார்த்தார். நாலு மதகையும் ஓர் இடத்திலும் தடுமாறாமல் படித்து முடித்தார்.

"நல்லா கீது பாய். இந்த 'ஏன் என்றால்' கீது பாருங்க, அது ஒண்ணு போதும். அறுப்புன்னு ஒரு வார்த்த அன்னிக்கு இருந்திருந்தா, கட்டுன்னு இல்ல, இன்னாத்த எழுதியிருந்தாலும் மூடியிருப்பேன்." பிறகு ஓர் இடத்தில் விரலை வைத்தார். "இங்க தப்பு. பெரிய மழன்னா எத்தினி பெருசு? எனக்கு ஒண்ணு பெருசு, உங்களுக்கு ஒண்ணு பெருசு. கரையில அளவுகல்லு நட்டுக்கீது இல்ல, அதுல எத்தினாவது கோடுன்னு எழுதுங்க."

பேனாவை எடுத்து அங்கேயே குறித்துக்கொண்டேன். அவர் சொன்னது சரி. ஒரு மாதம் பார்த்தும் என் கண்ணில் அது படவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தாள் நன்றாக வந்துவிட்டது என்ற சந்தோஷம்.

அவர் சும்மாட்டுத் துணியைத் தலையிலிருந்து எடுத்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மேஸ்திரி பக்கம் ஒரு தடவை பார்த்தார். முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

"எப்பத்திலர்ந்து வரணும் பாய்?"

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வேலைக்குத் திரும்பக் கூப்பிட வந்திருப்பதாக நினைத்துவிட்டார். ஆபீஸ் தாளைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னால், படித்துக் காட்டினால், அந்த மனிதர் வேறு என்ன நினைப்பார்? அதைக்கூட நான் யோசித்திருக்கவில்லை.

"இல்ல... அந்த வேலைக்கு அப்பவே வேற ஆளைப் போட்டாச்சு" என்றேன்.

அவர் சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போனது. "செரி. யாரு?"

"ஏரிக்குத் தெக்கால ஒரு ஆள்."

"படிக்கத் தெரியுமா அவனுக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். ஏனோ அன்றைக்கு முடியவில்லை. "தெரியாது. படிச்ச ஆளாலதான் தொல்லைன்னு ஓவர்சியர் கைநாட்டு ஆளாப் பார்த்துப் போட்டிருக்காரு. வாயால சொன்னாப் போதும்னு."

அவர் தாளை இன்னொரு தடவை மேலிருந்து கீழே பார்த்தார். மடிக்காமல் என்னிடம் திருப்பி நீட்டினார். அதுவரை அவர் என்னை ஒரு நாளும் நீ என்று பேசியதில்லை.

"அப்போ இத யாருக்கு எழுதிகினு வந்த?" என்றார்.